கணவனும் மனைவியும் ஒரே மேடையில்: ரா பவர்லிஃப்டிங் போட்டிக்குச் சேர்ந்து இறங்குவது எப்படி

நாங்கள் இருவரும் சேர்ந்து இறங்கிய முதல் போட்டியில் என் வீட்டுக்காரர் தன் முதல் ஸ்குவாட்டை, அதாவது எடை ஏற்றிய பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் தூக்கை, கோட்டை விட்டார். எடை அதிகம் என்பதால் இல்லை, பயிற்சியில் எந்த நாளிலும் மூன்று முறை போடக்கூடிய எடைதான் அது. ஆனால் சில நிமிடம் முன்புவரை என் மூன்றாவது ஸ்குவாட்டுக்காக மேடை ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தவர், அந்தப் படபடப்பு அடங்குவதற்குள் தன் பெயரைக் கூப்பிட்டதும் ஓடிப்போய் பாருக்கு அடியில் நின்றார். நன்றாக இறங்கினார், நன்றாக எழுந்தார், நடுவர் ‘ராக்’ (ஸ்டாண்டில் வை) என்று சொல்வதற்கு முன்பே பாரைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் வைத்துவிட்டார். மூன்று நடுவரிடமிருந்தும் சிவப்பு விளக்கு, அந்தத் தூக்கு செல்லாது.

அன்றைக்கே பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது பெஞ்சில் படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் தூக்கில், இன்னொன்று நடந்தது. ஒவ்வொரு தூக்குக்கும் மூன்று அட்டெம்ட் (முயற்சி) உண்டு. என் இரண்டாவது அட்டெம்ட் மூன்று வெள்ளை விளக்கோடு முடிந்தது. மூன்றாவதற்கு எத்தனை கிலோ என்று அதிகாரிகளின் மேசையில் போய்ச் சொல்ல வேண்டியவர் அவர், அவரோ உள்ளே வார்ம்-அப் பெஞ்சில் படுத்திருந்தார். ஒரு நிமிடம் கடந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் எண்ணைச் சொல்லாவிட்டால் முந்தைய எடையோடு 2.5 கிலோவை மட்டும் அவர்களே கூட்டிப் போட்டுவிடுவார்கள், அதுதான் விதி. நான் 5 கிலோ கூட்டுவதாக இருந்தேன்.

இதில் யார் மேலும் தப்பில்லை. தூக்குவது ஒரு வேலை, தூக்குபவருக்குத் துணை நிற்பது இன்னொரு வேலை, இரண்டையும் ஒரே மணி நேரத்தில் ஒரே ஆள் செய்ய முடியாது என்பது எங்களுக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. அதிலும் துணை நிற்பது சொந்த மனைவிக்கு, சொந்தக் கணவனுக்கு என்றால் உடம்பில் உள்ள தெம்பெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். அப்புறம் பல போட்டிகளில் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு சிக்கலை எப்படிச் சமாளிக்கிறோம் என்பதுதான்.

எந்தப் போட்டி, என்ன விதி

ரா என்றால், உடலை இறுக்கிப் பிடித்துத் தூக்க உதவும் ஸ்குவாட் சூட், பெஞ்ச் சட்டை போன்றவை எதுவும் கிடையாது என்று அர்த்தம். ஐ.பி.எஃப் என்ற சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு இதை ‘கிளாசிக்’ என்று சொல்கிறது, 2013 முதல் இதற்கென்றே தனி உலக சாம்பியன்ஷிப் நடத்துகிறது. அவர்கள் விதியில் பெல்ட் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. தடிமன் வரை இருக்கலாம். முட்டியில் உறை மாதிரி மாட்டும் நீ ஸ்லீவ் 7 மி.மீ. தடிமனுக்குள், 30 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும். மணிக்கட்டில் சுற்றும் ரிஸ்ட் ராப் ஒரு மீட்டர் நீளம், 8 செ.மீ. அகலம் வரை. முட்டியைச் சுற்றிக் கட்டும் நீ ராப் கூடாது. வேறு சில அமைப்புகள் அதையும் ரா பிரிவிலேயே அனுமதிக்கின்றன, அதனால் பணம் கட்டுவதற்கு முன் அந்த அமைப்பின் விதிப் புத்தகத்தை இருவருமே படியுங்கள். ஒருவர் படித்து மற்றவருக்குச் சொல்வது வேலைக்கு ஆகாது. நான் இங்கே சொல்லும் எண்களெல்லாம் ஐ.பி.எஃப் விதிப்படி.

ஒரே பெல்ட்டை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். லீவர் பெல்ட் என்றால் இடுப்பளவு மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்ட வேண்டும். துளையில் கம்பி மாட்டும் சாதாரண பெல்ட் என்றாலும், ஒருவர் மேடையிலிருந்து இறங்கும்போதே மற்றவர் கை நீட்டிக்கொண்டு நிற்கும் நிலை வரும். ஆளுக்கொரு பெல்ட், ஆளுக்கொரு சிங்லெட் (உடலோடு ஒட்டிய ஒரே துண்டு உடை), பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கு முட்டிக்குக் கீழ்வரை வரும் நீளமான சாக்ஸ் ஆளுக்கொரு ஜோடி. அந்த சாக்ஸ் நீ ஸ்லீவைத் தொடக் கூடாது. சின்ன விஷயம்தான், ஆனால் மேடை ஏறும் நேரத்தில் குனிந்து சரிசெய்ய வேண்டி வந்தால் மனசு கலைந்துவிடும்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, இருவரும் எந்த அமர்வில், எந்த ஃப்ளைட்டில் வருவோம் என்பது. ஃப்ளைட் என்பது ஒரே சுற்றில் அடுத்தடுத்துத் தூக்கும் குழு, அதிகபட்சம் 14 பேர். பெரிய போட்டிகளில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அமர்வே வேறாக இருக்கும், சில சமயம் நாளே வேறாக இருக்கும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம், ஒருவர் முழு நேரம் மற்றவரைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு எச்சரிக்கை: முதல் நாள் துணை நிற்பவர் நாள் முழுக்க நின்று, பிளேட் தூக்கி, சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் மறுநாள் அவர் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. உட்கார நாற்காலி, தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் துணை நிற்பவருக்கும் வேண்டும்.

ஒரே ஃப்ளைட்டில் இருவரும் வந்தால் பரவாயில்லை, சமாளிக்கலாம். பாரில் எடை ஏறும் வரிசையில்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். நான் 85 கிலோவில் சுற்றின் ஆரம்பத்திலேயே முடித்துவிடுவேன், அவர் 165-ல் கடைசியில் வருவார், நடுவில் எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள். கஷ்டமானது மூன்றாவது வகை: ஒரே அமர்வு, வேறு வேறு ஃப்ளைட். முதல் ஃப்ளைட்டின் மூன்றாம் சுற்று முடிந்த கையோடு இரண்டாவது ஃப்ளைட்டின் முதல் சுற்று தொடங்கிவிடும். ஒருவருக்கு உச்சமான நேரம், மற்றவருக்கு வார்ம்-அப்பின் கடைசி செட். எங்களுக்கு நடந்தது இதுதான், தம்பதிகளில் நிறையப் பேருக்கு நடப்பதும் இதுதான்.

வீட்டில் பயிற்சி

கையில் குறைந்தது 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே திட்டம் வேண்டாம். நான் 90 சதவீத எடையில் நான்கு முறை எழுந்துவிடுவேன், அவருக்கு இரண்டோடு மூச்சு நின்றுவிடும். அவர் திட்டத்தை நான் செய்தபோது எனக்குப் போதவில்லை, என் திட்டத்தை அவர் செய்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நாள் ஒன்றாக இருக்கட்டும், ராக் ஒன்றாக இருக்கட்டும், செட்டும் எண்ணும் தனித்தனியாக இருக்கட்டும்.

துணையோடு பயிற்சி செய்வதில் எந்தப் பணத்துக்கும் கிடைக்காத லாபம் ஒன்று உண்டு. வீட்டிலேயே ஒரு நடுவர் இருக்கிறார். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போதிலிருந்து கனமான ஒவ்வொரு செட்டுக்கும் மற்றவர் நடுவராக நிற்க வேண்டும். ஸ்குவாட்டில் முட்டி நிமிர்ந்து, ஆடாமல் நின்ற பிறகுதான் ‘ஸ்குவாட்’. மேலே வந்து மறுபடி ஆடாமல் நின்ற பிறகுதான் ‘ராக்’. பெஞ்சில் மூன்று கட்டளை: ‘ஸ்டார்ட்’, பார் நெஞ்சில் அசையாமல் நின்றதும் ‘பிரஸ்’, கை நிமிர்ந்ததும் ‘ராக்’. டெட்லிஃப்டில் ஒன்றே ஒன்று, ‘டவுன்’.

ஒவ்வொரு முறையும் ஒரே தாளத்தில் சொல்லாதீர்கள். ஒரு முறை சட்டென்று சொல்லுங்கள், அடுத்த முறை மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டுச் சொல்லுங்கள், இன்னொரு முறை பாரை நெஞ்சிலேயே வைத்துக் காக்க விடுங்கள். முதலில் கோபம் வரும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பெஞ்சில் படுத்தபடியே “சொல்லேன்டி!” என்று கத்தினார், நான் அசையாமல் நின்றேன், பார் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் நின்றதும்தான் ‘பிரஸ்’ என்றேன். அன்றைக்கு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தப் போட்டியிலும் கட்டளைக்கு முந்திக்கொண்டு அவர் ஒரு விளக்கைக்கூட இழந்ததில்லை.

ஆழம் பார்ப்பதுதான் சண்டை வரும் இடம். தொடையின் மேல்பரப்பு, இடுப்பு மூட்டு இருக்கும் இடத்தில், முட்டியின் மேல்பகுதியைவிடக் கீழே போக வேண்டும். போதவில்லை என்று மனைவி சொன்னால் கணவனுக்கும், கணவன் சொன்னால் மனைவிக்கும் சுருக்கென்று இருக்கும், அது மனித இயல்பு. அதனால் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டோம். போனை முட்டி உயரத்தில், நேர்ப் பக்கவாட்டில் வைத்து ஒவ்வொரு கனமான செட்டையும் எடுப்போம், தூக்கியவரே பார்த்துத் தன் தீர்ப்பைச் சொல்வார், மற்றவர் அதற்குப் பிறகுதான் பேசுவார். பெஞ்சில் 2023 முதல் இன்னொன்று சேர்ந்திருக்கிறது, பார் நெஞ்சைத் தொடும்போது இரண்டு முழங்கை மூட்டின் அடிப்பகுதியும் தோள் மூட்டின் மேல்பகுதிக்குச் சமமாகவோ கீழேயோ வர வேண்டும். முதுகை நன்றாக வளைத்து, பிடியை அகலமாக வைப்பவர்கள் இதையும் வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் சொல்வதற்கும் ஒரு வரம்பு வைத்தோம். ஒரு செட்டுக்கு ஒரு வார்த்தை, அதுவும் கேட்டால் மட்டும். நான் கேட்பது ‘நெஞ்சு’, அவர் கேட்பது ‘முட்டி’. அவ்வளவுதான். ஐந்து விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் பாருக்கு அடியில் நிற்பவருக்கு ஒன்றும் ஏறாது, வீட்டுக்குப் போன பிறகும் அது தொடரும்.

கடைசி நான்கு வாரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் உச்ச எடையில் இருப்பீர்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு வலிக்கும், இருவருக்கும் ஒரே நேரத்தில் பசியும் எரிச்சலும் வரும். சமையல், துணி, பிள்ளைகளின் பள்ளி வேலை எல்லாவற்றுக்கும் அந்த வாரங்களில் யார் எது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கனமான ஸ்குவாட் நாளன்று மாலையில் வீட்டு வேலையைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கடைசி கனமான ஒற்றைத் தூக்கை, டெட்லிஃப்டுக்குப் போட்டிக்குப் பத்து நாள் முன்பும், ஸ்குவாட், பெஞ்சுக்கு ஒரு வாரம் முன்பும் முடித்துவிட்டு, அதற்கப்புறம் செட்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அந்த வாரத்தில் ஒருவருக்கு உடம்பு லேசாக இருந்து ‘இன்னும் ஒரு செட்’ என்று கை பரபரக்கும்போது மற்றவர்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

எடையைக் குறைக்கலாமா? முதல் போட்டிக்கு வேண்டாம். ஐ.பி.எஃப் விதியில் உடல் எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்புதான், ஒன்றரை மணி நேரம் நடக்கும். தண்ணீரை வெளியேற்றி வற்றிப்போன உடம்பு அதற்குள் முழுதாக மீளாது. ஒரே வீட்டில் ஒருவர் பட்டினி, மற்றவர் வயிறு நிறையச் சாப்பாடு என்றால் அந்த வாரம் இருவருக்கும் நரகம். அன்றாடம் இருக்கும் எடை எந்தப் பிரிவில் விழுகிறதோ அங்கேயே இருங்கள்.

மருந்துப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஊக்கமருந்துச் சோதனை உள்ள அமைப்பு என்றால், ஒருவர் சளிக்கு வாங்கி வைத்த மாத்திரையை மற்றவர் போட்டிக்கு முந்தைய இரவு விழுங்கிவிடக்கூடாது. மூக்கடைப்புக்கான பல மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், போட்டிக் காலத்தில் ஒரு அளவுக்கு மேல் உடலில் இருந்தால் தடைசெய்யப்பட்டது. தினமும் சாப்பிடும் மருந்து எதுவாக இருந்தாலும் தடைப் பட்டியலில் தேடிப் பார்த்து, தேவையென்றால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஆளுக்கொரு தாள்

நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்பு, நன்றாகச் சாப்பிட்டு மனசு நிதானமாக இருக்கும் ஒரு மாலையில் இருவரும் உட்கார்ந்து ஒன்பது அட்டெம்ட்டையும் எழுதுங்கள். ஆளுக்கொரு தாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல்.

முதல் எடை, அதாவது ஓப்பனர், தூக்கம் கெட்ட நாளில்கூட மூன்று முறை தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, பயிற்சியில் ஏற்கெனவே தொட்ட எடைக்குச் சற்றுக் கீழே. மூன்றாவதற்கு ஒரு எண்ணை மட்டும் எழுதாமல் மூன்று எண் எழுதுங்கள். என் ஸ்குவாட் தாளில் இப்படி இருந்தது: 85, பிறகு 92.5, பிறகு, அது லேசாகப் போனால் 100, கஷ்டப்பட்டு எழுந்தால் 97.5, இறக்கத்தில் ஏதாவது சரியில்லாமல் போனால் 95. அடுத்த வரியில், தோற்றால் அதே எடை. குறைக்க விதி இடம் தராது, ஏற்றத்தான் முடியும், அதனால் ஓப்பனரை அதிகமாக வைத்துத் தோற்றால் அந்த எடையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மூன்றையும் தோற்றால் அந்தப் போட்டியில் டோட்டலே, அதாவது மூன்று தூக்குகளின் சிறந்த எடைகளைக் கூட்டிய மொத்தமே, கிடையாது.

எண்களை பாரோடு சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள். பார் 20 கிலோ, பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் காலர் ஒன்று 2.5 கிலோ வீதம் இரண்டு, ஆக 25-லிருந்துதான் கணக்கு ஆரம்பம். 97.5 என்றால் மீதி 72.5, பக்கத்துக்கு 36.25: ஒரு சிவப்பு 25, ஒரு பச்சை 10, ஒரு சின்ன 1.25. நான் மேடைக்கு ஏறும்போது அந்தச் சிவப்பையும் பச்சையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பாரைத் தொடுவேன், எடை சரியாக ஏறியிருக்கிறது என்ற நிம்மதி அந்த ஒரு நொடியில் கிடைக்கும்.

தாளில் இன்னும் சில எழுத வேண்டும்: ஸ்குவாட் ராக் உயரம், பெஞ்ச் ராக் உயரம், பக்கத் தாங்கியின் உயரம், காலுக்கு அடியில் கட்டை வேண்டுமா என்பது. உயரம் குறைவானவர்களுக்குப் பாதம் தரையில் முழுசாகப் படாவிட்டால் கட்டை கேட்கலாம், அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதையெல்லாம் அவரவரே தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் எடை பார்க்கும் அறைக்குள் நீங்கள் பெரும்பாலும் துணை இல்லாமல்தான் போவீர்கள், பெண்களுக்குப் பெண் அதிகாரிகள், ஆண்களுக்கு ஆண்கள். “அவர்தான் எனக்கு எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டு அங்கே முழித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இரண்டாவது நகல் யாருக்கு? மூன்றாவது ஆளுக்கு.

மூன்றாவது ஆள்

உங்கள் இருவரையும் தவிர இன்னொருவர் வேண்டும். ஜிம் நண்பர், தம்பி, அக்கா, யாராக இருந்தாலும் சரி. அவர் பவர்லிஃப்டர்தான் என்று இருக்க வேண்டியதில்லை, நிதானமான ஆளாக, எண்களைத் தப்பில்லாமல் சொல்பவராக, நேரத்தைப் பார்ப்பவராக இருந்தால் போதும். அவர் வேலை மூன்றே மூன்று. ஒவ்வொரு தூக்கு முடிந்ததும் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எண்ணை மேசையில் சொல்வது. யாருக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்வது. தோற்றால், ஏன் என்று நடுவர் தனியாகக் காட்டும் நிறத்தைப் பார்த்துச் சொல்வது. ஸ்குவாட்டில் சிவப்பு என்றால் ஆழம் போதவில்லை, நீலம் என்றால் முட்டி சரியாக நிமிரவில்லை அல்லது எழும்போது பாதியில் கீழே இறங்கியது, மஞ்சள் என்றால் கட்டளைக்கு முந்தியது, கால் நகர்ந்தது போன்ற மற்றவை. எது தப்பு என்று தெரிந்தால்தான் அதே எடையை அடுத்த முறை நம்பிக்கையோடு கேட்க முடியும். வார்ம்-அப் பகுதிக்குள் எத்தனை பேரை விடுவார்கள் என்பதைப் பதிவின்போதே கேட்டு, அவருக்கு அனுமதி வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது எடையைத் தூக்குபவர் தீர்மானிக்க வேண்டாம், துணையும் தீர்மானிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவதில் ஜெயித்த சந்தோஷத்தில் தூக்குபவர் கூடுதலாகக் கேட்பார், அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் துணை குறைத்துச் சொல்வார். தாளைப் பார்த்து மூன்றாவது ஆள் சொல்லட்டும்.

யாருமே கிடைக்கவில்லை என்றால்? வார்ம்-அப் அறையில் உங்கள் ஃப்ளைட்டிலேயே வேறு ஒருவரோடு வந்திருக்கும் ஹேண்ட்லரிடம் (துணை நிற்பவரிடம்) போய், எண்ணை மட்டும் மேசையில் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் இப்படிக் கேட்டால் மறுப்பது அபூர்வம். மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு போட்டியில் முன்பின் தெரியாத ஒரு பெண் நாள் முழுக்க இதைச் செய்தார், தன் ஆள் தூக்கி முடித்த பிறகும் எங்களுக்காகவே கடைசிவரை இருந்தார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன், இன்று யார் வந்து கேட்டாலும் முதலில் கை நீட்டுகிறேன்.

அன்றைய நாள்

பை இரண்டு. ஆளுக்கு ஒன்று, அவரவர் சாமான் அவரவர் பையில். உபகரணப் பரிசோதனைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது இருவருடையதும் கலந்திருந்தால் சிறிய அளவு ஸ்லீவைப் பெரியவர் இழுத்து மாட்டிக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: கனமான டெட்லிஃப்டில் சிறுநீர் கொஞ்சம் கசிவது பலருக்கும் நடப்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை, பேட் ஒன்று பையில் இருக்கட்டும், அடர் நிற சிங்லெட் போடுங்கள், அடிக்கடி நடந்தால் இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். மாதவிலக்கு அந்த நாளில் வரக்கூடும் என்றால் அதற்கும் தயாராக இருங்கள், கணவருக்கும் முன்பே சொல்லிவையுங்கள், காலையில் முகம் வாடியிருந்தால் அவர் பயந்துவிடுவார்.

எடை பார்த்ததும் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வயிறு ஏற்கெனவே பழகிய சாப்பாடு, கொஞ்சம் உப்பு, தண்ணீர். புதிதாக எதையும் முயற்சி செய்யும் நாள் இது இல்லை.

வார்ம்-அப் நேரக் கணக்கு இப்படி. ஒரு தூக்குக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். 12 பேர் கொண்ட ஃப்ளைட் ஒரு சுற்றை 12 நிமிடத்தில் முடிக்கும், மூன்று சுற்றுக்கு 36 நிமிடம். உங்களுக்கு வார்ம்-அப் 25 நிமிடம் ஆகும் என்றால், இரண்டாவது ஃப்ளைட்டில் இருப்பவர் முதல் ஃப்ளைட்டின் முதல் சுற்று முடியும்போது காலி பாரைத் தொட வேண்டும். 85 கிலோவில் ஆரம்பிக்கும் நான் காலி பாரில் இரண்டு செட் போடுவேன், அப்புறம் 40-ல் ஐந்து, 55-ல் மூன்று, 67.5-ல் இரண்டு, 77.5-ல் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுக்கும் மேடைக்கும் இடையில் ஆறேழு நிமிடம். முன்கூட்டியே முடித்துவிட்டு உடம்பு ஆறிப்போவதும் தப்பு, கடைசி நிமிடத்தில் அவசர அவசரமாகப் போடுவதும் தப்பு.

துணையோடு ஒரே பாரில் வார்ம்-அப் செய்யாதீர்கள். வருடக்கணக்காக ஜிம்மில் அப்படித்தானே செய்கிறோம் என்று தோன்றும். ஆனால் ஒருவர் 55-லும் மற்றவர் 120-லும் இருந்தால் ஒவ்வொரு செட்டுக்கும் ஆறேழு பிளேட்டை ஏற்றி இறக்க வேண்டும், அங்கே அதற்கு நேரமும் இருக்காது தெம்பும் இருக்காது. உங்கள் எடைக்குப் பக்கத்தில் தூக்கும் யாரோடாவது சேர்ந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். துணை தூக்கும்போது என்ன செய்வது? எங்கள் ஏற்பாடு இதுதான்: தன் அடுத்த தூக்குக்கு இருபது நிமிடத்துக்குள் இருப்பவர் மேடைப் பக்கம் வரவே கூடாது. காதில் ஹெட்போன், முதுகு மேடைக்கு. என் பெயரை மைக்கில் கூப்பிடுவது அவருக்குக் கேட்கும், எழுந்து வரக் கால் துடிக்கும், வர மாட்டார். முடிந்ததும் மூன்றாவது ஆள் வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார் அல்லது தலையை ஆட்டுவார், பேச்சு கிடையாது. பாசமில்லாத ஏற்பாடு மாதிரித் தெரியும், தெரியட்டும். கணவனின் பார் பாதியில் நின்று நடுங்குவதைப் பார்த்தால் என் நெஞ்சு அடிக்கிற அடிக்கு நானே ஒரு தூக்கு தூக்கிய மாதிரி களைத்துப்போகிறேன், அந்தக் களைப்போடு மேடை ஏற முடியாது.

ஒருவர் தோற்றுவிட்டால் மற்றவர் போய் சமாதானம் சொல்ல வேண்டாம். தோளில் ஒரு கை, அவ்வளவு போதும். “பரவாயில்லம்மா” என்று அவர் அன்பாகச் சொன்னதும்தான் எனக்கு அழுகை வந்தது ஒரு முறை, அதுவரை நான் நன்றாகத்தான் இருந்தேன். அதேபோல ஒருவர் மூன்று ஸ்குவாட்டையும் தோற்று டோட்டல் இல்லாமல் போனால், மற்றவர் போட்டியைத் தொடர வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வெளியேறியவர் விரும்பினால் அந்த நிமிடம் முதல் முழு நேர ஹேண்ட்லராக மாறலாம், விரும்பாவிட்டால் வெளியே போய்க் காற்று வாங்கலாம், இரண்டுமே சரி.

டெட்லிஃப்டில் மட்டும் கணக்கு மாறும். முதல் ஃப்ளைட்டில் இருப்பவருக்குத் தன் மூன்றாவது முடிந்ததும் நாள் முடிந்தது, இனிமேல் முழுசாகத் துணைக்கு நிற்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். இரண்டாவது ஃப்ளைட்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் என் டெட்லிஃப்டுகளை அவர் நேரில் பார்த்ததே இல்லை, வீடியோவில்தான் பார்க்கிறார், யாராவது ஒருவர் நல்ல கோணத்தில் எடுப்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொரு வசதியும் டெட்லிஃப்டில் உண்டு: மூன்றாவது எடையை இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம், ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் அது முடியாது. பதக்கத்துக்குப் போட்டி இருந்தால் மூன்றாவது ஆள் இதைப் பயன்படுத்தட்டும், இல்லையென்றால் தாளில் இருப்பதோடு விட்டுவிடுங்கள்.

ஜி.எல். புள்ளி என்று ஒன்று போடுவார்கள், உடல் எடையையும் பாலினத்தையும் கணக்கில் எடுத்து எல்லோரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுவதற்காக ஐ.பி.எஃப் 2020 முதல் பயன்படுத்துவது. வீட்டில் யார் பலசாலி என்று பார்க்க ஆசை வரும். நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதில்லை, போன போட்டியில் எடுத்த என் புள்ளியோடு இந்தப் போட்டியின் என் புள்ளி, அவருடையதோடு அவருடையது, அப்படித்தான் பார்க்கிறோம். ஒரே நாளில் ஒருவருக்கு ஒன்பதுக்கு ஒன்பதும் மற்றவருக்கு ஒன்பதுக்கு நான்கும் வரும், அந்த நாளை இருவரும் சேர்ந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

திரும்பும் வழியில் போட்டியைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள். இரண்டு நாள் கழித்து அந்த இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் எத்தனை வெள்ளை விளக்கு, வேகம் எப்படி, கடைசி வார்ம்-அப்புக்கும் மேடைக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள், ராக் உயரம் மாறியிருந்தால் அதையும் குறியுங்கள். ஒருவர் தாளில் மற்றவர் எழுதக் கூடாது. அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யும் நாளில் அந்தத் தாள்களிலிருந்துதான் ஆரம்பிப்பீர்கள், அதனால் பையின் அடியில் கசங்கிக் கிடக்காமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.